காலண்டர் தாளின் பின்பக்கம்

(கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில், சென்னை மயிலாப்பூரில் சமையல் வேலை செய்யும் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது. அவர் பேச்சைக் கேட்டு எழுதி, நம் இதழ் வாசகிகளுக்காகத் தருகிறோம்.)



"கவிதையைப் பத்திப் பேசுங்க" என்று என்னைக் கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். மயிலாப்பூரில் இரண்டு வீடு, அடையாறில் ஒரு வீடு, சமையல் வேலை செய்கிறேன். "மெட்ராசுல எத்தனையோ பெரியவங்க இருக்காங்களே, அவங்களக் கூப்பிடுங்களேன்" என்றேன். அதற்கு உங்கள் ஊக்குநர் ஒருவர் சொன்னார்: "அவங்க பேசினா நாங்க கேட்டுக்குவோம். நீங்க பேசினா நாங்களும் எழுதுவோம்." அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வந்தேன்.

குழுவில் கவிதைக்கு என்ன வேலை?

உங்களில் சிலர் மனசில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். சேமிப்பு, சங்கக் கடன், வங்கித் தவணை, தீர்மானப் புத்தகம் என்று இதற்கே கூட்டத்தில் நேரம் பத்தவில்லை. இதில் கவிதை எதற்கு? நியாயமான கேள்விதான். பதிலுக்கு என் ஆயா கதையைச் சொல்கிறேன்.

விழுப்புரம் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டுதான். ஆனால் நடவு வயலில் ஆயா இறங்கினால் பாட்டும் கூடவே இறங்கும். சாவு வீட்டில் ஆயா வந்து உட்கார்ந்த பிறகுதான் அழுகையே ஆரம்பிக்கும். செத்தவர் ஆசையாக வாங்கிய மாடு, வெட்டி முடிக்காமல் விட்ட கிணறு, கட்டிக் கொடுத்த மகளுக்குச் செய்ய முடியாமல் போன சீர், எல்லாம் அந்த ஒப்பாரிக்குள் வந்துவிடும். ஒரு வீட்டில் பாடியதை இன்னொரு வீட்டில் பாட மாட்டாள். அந்த மனுசருக்கு அந்தப் பாட்டு. அவ்வளவுதான்.

ஒருநாள் ஆயாவும் போய்ச் சேர்ந்தாள். சுற்றி உட்கார்ந்திருந்த பொம்பளைங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். ஆயாவுக்கு ஆயா மாதிரி பாட யாருக்கும் வரவில்லை. அங்கொரு வரி, இங்கொரு வரி ஞாபகம் வந்தது. அதற்கு மேல் வாயை அடைத்துவிட்டது. சும்மா அழுதோம். ஊருக்கெல்லாம் பாடியவளுக்குப் பாட ஆளில்லை.

அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு அடியில் காசு ஒளித்து வைப்போமே, அந்த மாதிரி ஆயா தன் பாட்டையெல்லாம் மண்டைக்குள்ளேயே வைத்திருந்தாள். அவள் போனதும் அதுவும் போனது. 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் நம் மகளிர் குழுக்களை ஆரம்பித்தபோது முதலில் சொல்லிக் கொடுத்தது என்ன? "தனியா ஒளிச்சு வச்ச காசு பத்திரமில்ல. பத்துப் பேர் சேர்ந்து, கணக்கெழுதி வச்ச காசுதான் பத்திரம்." பாட்டுக்கும் கவிதைக்கும் அதே கணக்குதான் என்று நான் நம்புகிறேன். அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

முதல் வரி எங்கிருந்து வந்தது?

கல்யாணமாகி சென்னை வந்து சைதாப்பேட்டையில், அடையாறு ஆற்றங்கரை ஓரமாக ஒரு குடிசையில் இருந்தோம். சமையல் வேலை செய்யும் வீட்டில் தினமும் காலையில் நாட்காட்டித் தாளைக் கிழிப்பது என் வேலை. கிழித்த தாளைக் கசக்கிப் போட மனசு வராது. பின்பக்கம் வெள்ளையாக இருக்குமே! அதில் மளிகைச் சாமான் பட்டியல் எழுத ஆரம்பித்தேன். ஒருநாள் உப்பு, புளி, துவரம்பருப்பு என்று எழுதிக்கொண்டே வந்தவள், அதற்குக் கீழே வேறு எதையோ எழுதிவிட்டேன். முதல்நாள் ராத்திரி என் மகன் கேட்ட ஒரு கேள்வி அது. கேள்வியை அப்புறம் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு கண்ணில் படுவதெல்லாம் எழுதத் தோன்றியது. மயிலாப்பூர் மாட வீதியில் விடிகாலையில் காய்கறிக் கூடையை இறக்குகிற கிழவி, முதல் வியாபாரம் ஆகும்வரை யாரிடமும் பேச மாட்டாள். ஆனால் முதல் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும் வாயை மூட மாட்டாள். முண்டகக்கண்ணி அம்மன் கோயிலில் பொங்கல் வைக்க வருகிற பெண்களுக்குப் புகையில் கண் கலங்கும். அந்தச் சாக்கில் உண்மையாகவே அழுதுவிட்டுப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தி.நகர் ரங்கநாதன் தெருவில் பண்டிகைக் கூட்டத்தில் நாள் முழுக்க நின்றபடி சேலை விரித்துக் காட்டும் பெண், அந்தச் சேலையில் ஒன்றையாவது தனக்கு வாங்கியிருப்பாளா என்று நினைப்பேன். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிற அக்கா, மீனை எடை போடுகிற நேரத்தில் வாங்க வந்தவளின் குடும்பக் கதையையும் எடை போட்டுவிடுவாள்.

இதெல்லாம் கவிதையா என்று கேட்கலாம். பார்த்ததைப் பார்த்த மாதிரி, மனசில் தைத்த இடத்தை மட்டும் சொன்னால் அது கவிதை ஆகிவிடுகிறது. நிலா, வானவில், தென்றல் எல்லாம் வந்தால்தான் கவிதை என்று நானும் முதலில் நினைத்தேன். அப்படி எழுதிப் பார்த்தேன். எனக்கே படிக்கப் பிடிக்கவில்லை. நிலாவை நான் எங்கே பார்க்கிறேன்? வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், கால் எங்கே வைக்கிறோம் என்று கீழே பார்த்தே நடக்கிறேன்.

காக்காவும் தயிரும்

நான் வேலை செய்யும் வீட்டில் ஒரு பெண் தமிழ் எம்.ஏ. படித்தாள். பரீட்சைக்கு வாய்விட்டுப் படிப்பாள். நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்பேன். ஒன்றும் புரியாது. ஒருநாள் "என்ன பாப்பா சொல்லுது இது?" என்று கேட்டேன். அவள் அர்த்தம் சொன்னாள். எனக்குக் கத்தி நின்றுவிட்டது.

இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தின குறுந்தொகை என்ற புத்தகத்தில் இருக்கிறதாம். ஊருக்குப் போன கணவன் திரும்பி வந்துவிட்டான். அவன் வருவதற்கு முன்னால் காக்கா கத்தியதாம், விருந்து வரப் போகிறது என்று. அதனால் நெய்யும் சோறுமாக ஏழு பானை நிறையக் கொடுத்தாலும் அந்தக் காக்காவுக்கு ஈடாகாது என்று தோழி சொல்கிறாள். எழுதியவர் ஒரு பெண். இந்தப் பாட்டை எழுதியதாலேயே அவருக்குக் காக்கைபாடினியார் என்று பேர். நச்செள்ளையார் என்பதும் அவர் பெயர்தான்.

நம் வீட்டு வாசலில் காக்கா கத்தினால் இன்றைக்கும் நாம் என்ன சொல்கிறோம்? "யாரோ வரப் போறாங்க, ஒரு ஆழாக்கு அரிசி சேர்த்துப் போடு." அதே காக்கா. அதே பேச்சு. நாம் சொல்லிவிட்டு விட்டுவிட்டோம். அந்தம்மா பாட்டாக்கி வைத்தார். சங்க காலத்தில் இவரைப் போலப் பாடிய பெண்கள் முப்பது பேருக்கு மேல் இருந்திருக்கிறார்கள். ஔவையாரும் வெள்ளிவீதியாரும் அவர்களில் சேர்ந்தவர்கள்தான்.

அதே புத்தகத்தில் இன்னொன்று. கூடலூர் கிழார் என்பவர் பாடியது. புதுசாகக் கல்யாணமான பெண் தன் கையால் சமைக்கிறாள். கெட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள். பிசைந்த கையைக் கழுவாமல் கட்டியிருக்கிற சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிக்கிற புகை கண்ணில் ஏறுகிறது. புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறான். அவள் முகம் லேசாக மலர்கிறது. அவ்வளவுதான் பாட்டு.

இதைக் கேட்டதும் நான் என் சேலையைக் குனிந்து பார்த்தேன். மஞ்சள் கறை, எண்ணெய்க் கறை. கை துடைத்த கறையைக்கூட ஒரு புலவர் பார்த்து, பாட்டில் வைத்திருக்கிறார் என்றால், நம் வாழ்க்கையில் கவிதைக்கு லாயக்கில்லாதது எது? நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். மயிலாப்பூரில் திருவள்ளுவருக்கு ஒரு கோயில் இருக்கிறது. அவர் அங்கேதான் பிறந்தார், தறி நெய்து பிழைத்தார் என்று அந்தப் பக்கம் சனங்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். நுங்கம்பாக்கத்தில் 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டத்தில் அவருடைய 1330 குறளையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பக்க அரசுப் பேருந்திலும் குறள் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தி.நகரில் ஒரு சாலைக்கே கண்ணதாசன் பெயர். அவர் சிறுகூடல்பட்டி என்ற கிராமத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் எட்டாவதுதான் படித்தார். மெரினா கடற்கரையில் 1968இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சிலைகள் வைத்தார்கள். அந்த வரிசையில் நம் ஔவைக் கிழவியும் நிற்கிறாள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவேன்.

வெள்ளத்தில் போனதும் வெள்ளத்தில் போகாததும்

இனி நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

காலண்டர் தாள்களை ஊசி நூலால் தைத்து, தகரப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தேன். ஏழெட்டு வருசத்தில் முந்நூறுக்கு மேல் சேர்ந்துவிட்டது. வீட்டுக்காரருக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கும் தெரியாது. "சமைக்கிறவளுக்குக் கவிதை ஒரு கேடா" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். எங்கள் குழுவில் இரண்டு மூன்று பேரிடம் மட்டும், அதுவும் மனசு தாங்காத அன்றைக்கு, ஒன்றிரண்டு சொல்லியிருக்கிறேன். கணக்குப் பார்த்தால் மொத்தம் பதினொன்று இருக்கும்.

2015ஆம் வருசம் டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். விடாத மழை. அடையாறு கரை மீறியது. இடுப்பளவு தண்ணீரில் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். ரேஷன் கார்டையும் குழுவின் பாஸ் புத்தகத்தையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். தகரப் பெட்டியை எடுக்க முடியவில்லை. நாலு நாள் கழித்து வந்து பார்த்தால் வீட்டுக்குள் சேறுதான். பெட்டியைக் காணோம்.

சட்டி பானை போனதற்கு எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் நான் எதற்கு அழுகிறேன் என்று யாருக்கும் தெரியாது. ஒளித்து வைத்ததற்குக் கிடைத்த தண்டனை அதுதான். தொலைந்து போனதைக்கூட வெளியே சொல்லி அழ முடியவில்லை.

ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களையெல்லாம் தங்க வைத்திருந்தார்கள். கரண்டு இல்லை. குழந்தைகள் நைநை என்று அழுகின்றன. எங்கள் குழுவில் மீன் விற்கிற அக்கா திடீரென்று, "ஏம்மா, அந்தக் கை மணக்குற பாட்டு ஒண்ணு சொல்லுவியே, அதச் சொல்லு" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வரவில்லை. அவளே சொன்னாள், அந்த இருட்டில்:

நாலு வீட்டுக் குழம்பு
என் கையில மணக்குது.
என் புள்ள
கைய மோந்து பாத்துக் கேக்குது:
"இன்னைக்கு நமக்கு
என்னம்மா சோறு?"

என் மகன் கேட்ட அந்தக் கேள்விதான் இது. நான் எழுதியது "நாலு வீட்டுச் சாப்பாடு" என்று. அக்கா அதைக் "குழம்பு" என்று மாற்றிவிட்டாள். அவள் சொன்னதுதான் நன்றாக இருக்கிறது. சாப்பாடு என்றால் மணம் வராது. குழம்பு என்றால்தான் மூக்குக்கே தெரியும். அன்றிலிருந்து நானும் குழம்பு என்றே வைத்துக்கொண்டேன்.

அந்த ராத்திரி இன்னொருத்தி இன்னொன்றைச் சொன்னாள். மூன்றாவது ஒருத்தி, "இதுக்கு முன்னாடி ஒரு வரி வருமே" என்று எடுத்துக் கொடுத்தாள். சொல்லியிருந்த பதினொன்றில் ஒன்பது திரும்பி வந்துவிட்டது. சொல்லாமல் பெட்டியில் பூட்டி வைத்திருந்த முந்நூறில் ஒன்றுகூட வரவில்லை. எனக்கே ஞாபகம் இல்லை.

இதைத்தான் அக்கா தங்கச்சிகளே நான் உங்களிடம் சொல்ல வந்தது. பெட்டியில் வைத்தது ஆற்றோடு போனது. பத்துப் பேர் வாயில் வைத்தது மிஞ்சியது. ஆற்றங்கரையில் இருந்த எங்களைப் பிறகு பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருந்துதான் இப்போது தினமும் மயிலாப்பூர் வருகிறேன். வீடு மாறியது, பாட்டு மாறவில்லை.

ஒரு தாய் சுமந்து போன கவிதை

எனக்கு முன்னால் இதைவிடப் பெரிய கஷ்டத்தில் எழுதிய ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கவிஞர் சல்மா. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் பிறந்தவர். வயசுக்கு வந்ததும் படிப்பை நிறுத்தி வீட்டுக்குள் வைத்துவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் எழுத விடவில்லை. ராத்திரியில் எல்லோரும் தூங்கிய பிறகு குளியலறைக்குள் போய், காலண்டர் தாள் போன்ற துண்டுக் காகிதங்களில் எழுதினார். யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று சல்மா என்று வேறு பேர் வைத்துக்கொண்டார். அவருடைய தாயார்தான் அந்தக் காகிதங்களை ரகசியமாக வெளியே கொண்டு போய், பதிப்பாளருக்குப் போய்ச் சேர வழி செய்தார். 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' என்ற முதல் கவிதைப் புத்தகம் 2000இல் வந்தது.

அடுத்த வருசம், 2001இல், பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர் பதவிக்கு நின்று ஜெயித்தார். பிறகு 'இரண்டாம் ஜாமங்களின் கதை' என்ற நாவலை 2004இல் எழுதினார். சென்னையில் மாநில சமூக நல வாரியத் தலைவராக இருந்தார். 2025இல் மாநிலங்களவை உறுப்பினராகவும் ஆனார்.

இந்தக் கதையைக் கேட்டபோது என் மனசு நின்ற இடம் அந்தப் பதவிகளில் இல்லை. அந்தத் தாயாரிடம்தான் நின்றது. மகள் எழுதினாள். ஆனால் தாய் அதைச் சுமந்து வெளியே கொண்டு போகாமல் இருந்திருந்தால்? அந்தக் காகிதமும் ஒருநாள் குப்பையில்தான் போயிருக்கும். எழுதுகிறவளுக்கு ஒரு துணை வேண்டும். வெளியே கொண்டு போக ஒரு கை வேண்டும். எனக்கு அந்தக் கை என் குழுதான். உங்களுக்கும் ஒரு குழு இருக்கிறது. அதை மறந்துவிடாதீர்கள்.

பாட்டு ஊரைவிட்டு வெளியே போனால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 1991-92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்வதைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார்கள். அந்தப் பாட்டு கிராமம் கிராமமாகப் போனது. ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். வெறும் கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தால் அத்தனை பேர் ஏறியிருப்பார்களா?

நான் செய்த ஒரு தப்பு

பகிர்ந்துகொள்வது நல்லது என்று சொல்லிவிட்டேன். அதில் நான் செய்த தப்பையும் சொல்லாவிட்டால் அது நேர்மை ஆகாது.

வெள்ளத்துக்குப் பிறகு எனக்குத் தைரியம் வந்துவிட்டது. குழுவில் ஒருத்தி வாங்கிய கடன் பணத்தை அவள் வீட்டுக்காரர் எடுத்துக் குடித்துவிட்டார். அவள் என்னிடம் மட்டும் சொல்லி அழுதாள். நான் அதைக் கவிதையாக எழுதி, கூட்டத்தில் படித்துவிட்டேன். பேர் சொல்லவில்லை. ஆனால் அவள் அடகு வைத்த கொலுசைப் பற்றி எழுதியிருந்தேன். எல்லோரும் அவள் காலைப் பார்த்தார்கள். நான் படித்து முடிப்பதற்குள் எழுந்து போய்விட்டாள். மூன்று வாரம் கூட்டத்துக்கே வரவில்லை.

அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் முன்னாலேயே தாளைக் கிழித்துப் போட்டேன். "நல்லாத்தான் எழுதியிருந்த. ஆனா அது என் அழுகை. அத எப்ப, எங்க அழணும்னு நான்தான சொல்லணும்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. ரொம்ப நாள் கழித்து அவளே வந்து, "நான் சொல்றேன், நீ எழுது. என் பேரையும் போடு" என்றாள். இப்போது அதை அவளே நின்று சொல்கிறாள்.

அதனால் இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அழுகை உங்கள் சொத்து, தாராளமாக எழுதுங்கள். அடுத்தவள் அழுகையைக் கேட்காமல் எடுக்காதீர்கள். சங்கப் பணத்தைக் கேட்காமல் எடுப்பது மாதிரிதான் அதுவும்.

எப்படி ஆரம்பிப்பது?

நீங்கள் ஊருக்குத் திரும்பியதும் செய்யக்கூடியது சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் குழுவில் செய்து பார்த்தவைதான் இவை.

முதலாவது, நாளுக்கு ஒன்று பாருங்கள். நூறு நாள் வேலையில், பால் ஊற்றுகிற இடத்தில், பஸ் நிறுத்தத்தில், அடுப்படியில் என்று எங்கே இருந்தாலும் மனசு ஒரு நொடி நின்ற இடம் ஒன்று இருக்கும். அதை மட்டும் பிடித்து வையுங்கள். ராத்திரி படுப்பதற்கு முன் இரண்டு வரி எழுதுங்கள். சேமிப்பு மாதிரிதான். ஐந்து ரூபாய் போதும், ஆனால் விடாமல் போட வேண்டும்.

இரண்டாவது, நீங்கள் பேசுகிற வார்த்தையிலேயே எழுதுங்கள். யாருக்காகவும் பெரிய வார்த்தை தேட வேண்டாம். எழுதியதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாக்கு எங்கே தடுக்குகிறதோ அந்த இடத்தைத் திருத்துங்கள். எங்கே நீங்கள் அடுத்தவருக்காக நடிக்கிறீர்கள் என்பதும் வாய்விட்டுச் சொல்லும்போது தெரிந்துவிடும்.

மூன்றாவது, எழுதத் தெரியாதவர்களை விட்டுவிடாதீர்கள். அவர்களிடம்தான் பாட்டு அதிகம் இருக்கிறது. அவர்கள் சொல்ல, ஊக்குநர் எழுதட்டும். இல்லாவிட்டால் வீட்டுப் பிள்ளையின் செல்போனில் பதிவு செய்து வைத்து, பிறகு எழுதிக்கொள்ளுங்கள். சொன்னபடியே எழுதுங்கள். "இது கொச்சை" என்று நீங்களாகத் திருத்தாதீர்கள்.

நாலாவது, கூட்டம் முடியும்போது ஐந்து நிமிசம் ஒதுக்குங்கள். சேமிப்பு வசூல், கடன் பேச்சு, தீர்மானம் எல்லாம் முடிந்த பிறகு ஒருத்தர் ஒரு பாட்டு. கேட்கிறவர்கள் உடனே நல்லாருக்கு, நல்லா இல்லை என்று மார்க் போட வேண்டாம். "எனக்கு இந்த வரி மனசில நின்னுச்சு" என்று மட்டும் சொன்னால் போதும். சொன்னவளுக்கு அதுவே பெரிய பலம். எங்கள் மீன்கார அக்கா மாதிரி ஒரு வார்த்தையை மாற்றிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

ஐந்தாவது, பேரும் தேதியும் போடுங்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற கை, கவிதைக்குக் கீழே போட ஏன் தயங்குகிறது? "இது நான் எழுதினது" என்று சொல்வதற்கு வெட்கப்படாதீர்கள். என் ஆயா பேர் ஒரு தாளிலும் இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி தெரிந்த வயசான அம்மா ஒருத்தராவது இருப்பார். அடுத்த கூட்டத்துக்குள் அவரிடம் போய் உட்காருங்கள். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போங்கள். ஒரு பாட்டாவது எழுதி, அவர் பேரையும் ஊரையும் போட்டு, நம் கூட்டமைப்பு இதழுக்கு அனுப்புங்கள். இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளாதீர்கள். நான் அப்படித்தான் தள்ளினேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் "அடுத்த தடவை எழுதிக்கலாம் ஆயா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த தடவை போனது அவள் சாவுக்குத்தான்.

நான் இங்கே வருகிற வழியில், இன்று காலையில் பஸ்ஸில் எழுதிய நாலு வரியைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான்.

முதல் பஸ்ஸில
தூங்கிக்கிட்டே போறோம் நாங்க.
இறங்குற இடம் வந்ததும்
கைதான் முதல்ல முழிச்சுக்குது.

இதில் எந்த வார்த்தையை மாற்றலாம் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ, சாப்பாட்டு நேரத்தில் வந்து சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.